ஒரு நடையில் நாலு வீடு: சென்னை மளிகைக்கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கு,

உங்களில் ஒருவர் கடையில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளன் எழுதுகிறேன். எந்தத் தெரு, எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. அவரும் இதைப் படிப்பார். நாளைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போகும்போது நான் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

போன மாதம் ஐந்தாம் தேதி எங்கள் வீட்டு மாதச் சாமான் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையிலேயே லிஸ்ட் கொடுத்தாயிற்று. சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைத் தம்பி எக்ஸ்.எல். வண்டியில் 25 கிலோ அரிசி மூட்டையைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டு வந்தான். இறக்கினான், போனான். ஆறு மணிக்கு எண்ணெய் கேனும் பருப்பும் வந்தன. ஆறேகாலுக்குப் புளி, சோப்பு, இத்யாதி அடங்கிய அட்டைப்பெட்டி. அதற்குள் எதிர்வீட்டுக்கு இரண்டு தடவை, மாடி வீட்டுக்கு ஒரு தடவை வந்து போயிருந்தான். ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு ஆறு நடை. எங்கள் தெரு ஒன்வே என்பதால் ஒவ்வொரு நடைக்கும் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டுதான் திரும்பவேண்டும். கடைசி நடையில் அவன் முகத்தைப் பார்த்து மோர் கொடுத்தோம்.

நடுவில் பக்கத்து அடுக்குமாடிக்கு, செல்போனில் ஆர்டர் எடுக்கும் பத்து நிமிஷ டெலிவரிக் கம்பெனிப் பையன்கள் மூன்று பேர் வந்துபோனார்கள். ஒருவன் கொண்டுவந்தது ஒரு கட்டு கொத்தமல்லியும் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவும். அவர்களைப் பார்த்து உங்களுக்கு வயிறு கலங்குகிறது என்று எனக்குத் தெரியும். “இனி நம்ம காலம் அவ்வளவுதான் சார்” என்று எங்கள் அண்ணாச்சியே கல்லாவில் உட்கார்ந்தபடி சொன்னார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கம்பெனிகளின் பலம் செல்போனில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் சின்னது. வாடிக்கையாளர் நுழைய முடியாத ஒரு கிடங்கை வீடுகளுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வாடகைக்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த அருகாமைக்காகத்தான் அவ்வளவு பணத்தைக் கொட்டுகிறார்கள். உங்கள் கடையோ ஐம்பது வருஷமாக அங்கேயே இருக்கிறது. அப்புறம், அந்தப் பையன் முதுகுப்பையில் எவ்வளவு கொண்டுவர முடியும்? மிஞ்சிப்போனால் பதினைந்து கிலோ. ஒரு நடைக்கு ஒரு வீடு. திடீரென்று காபித்தூள் தீர்ந்துபோனால் அது சரி. ஒரு குடும்பத்தின் மாதச் சாமானுக்கு அது வண்டியே இல்லை.

அந்த வேலைக்கென்று ஒரு வண்டி உண்டு. பல ஊர்களில் மறுபடி தலையெடுத்திருக்கிறது. கார்கோ பைக் என்கிறார்கள். பாரம் ஏற்றுவதற்கென்றே செய்த சைக்கிள். உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? உங்கள் அப்பாமார் அதைத்தான் ஓட்டினார்கள்.

என் அப்பா ஓட்டேரியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நோட்டில் பேரெழுதி, நேரம் குறித்து, மணிக் கணக்கில் சைக்கிள் விடுகிற கடை. எதிர்வரிசையில் ஓர் அண்ணாச்சி கடை. அந்தக் கடைச் சைக்கிள் பழுதுக்கு எங்களிடம்தான் வரும். மற்ற சைக்கிள்களோடு அதைச் சேர்த்து நிறுத்தமாட்டார் அப்பா. டபுள் பார். பின்னால் பலகை அடித்த இரும்புக் கேரியர். ஹேண்டில்பாருக்கு முன்னால் கம்பிக்கூடை. பின்சக்கரத்தில் தடித்த ஸ்போக்ஸ். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கும் ஸ்டாண்டு. மூட்டை ஏற்றும்போது சாய்ந்தால் யார் பிடிப்பது? அப்பா முதலில் கழற்றிப் பார்ப்பது பின் ஆக்சிலைத்தான். பாரம் மட்டும் சைக்கிளை ஒன்றும் செய்யாது, பாரத்தோடு பள்ளத்தில் இறங்கினால்தான் ஆக்சில் போகும் என்பார்.

1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அண்ணாச்சி கடைச் சைக்கிள்கள் எங்கள் கடைக்கு வருவது நின்றது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது விடுதலை. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. மொபெட்டில் ஏறுவதும் கால்மாட்டில் ஒரு மூட்டை, பின்னால் ஒரு பெட்டி, அவ்வளவுதான். சைக்கிளில் ஏற்றியதைவிட அதிகமாக ஒன்றும் ஏறவில்லை. வேகம்தான் கூடியது. கடைக்கும் வீட்டுக்கும் முந்நூறு மீட்டர் இருக்கும் தெருவில் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நமக்கு வேண்டியிருந்தது அகலம்.

அந்த அகலமும் இந்த ஊரில் இருந்தது. மீன்பாடி வண்டி. முன்னால் இரண்டு சக்கரத்தின் மேல் பலகை, பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன்மேல் சீட்டு. காசிமேட்டிலிருந்து மீனும் ஐஸும் ஏற்றியதால் வந்த பேர். ஆனால் மீனோடு அது நிற்கவில்லை. ஆண்டர்சன் தெருக் காகிதக் கட்டு, கோடவுன் தெருத் துணி பேல், கல்யாண மண்டபத்துப் பாத்திரம், வீடு மாற்றுகிறவர்களின் பீரோ என்று சென்னையில் பாதிப் பொருள்கள் ஒருநாளாவது அந்தப் பலகையில் ஏறியிருக்கும். கேஸ் சிலிண்டரைப் பாருங்கள். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட முப்பது கிலோ. ஐந்தாறு சிலிண்டரை மூன்று சக்கர சைக்கிளில் அடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது நமக்கு அதிசயமாகப் படுவதில்லை. இதற்கு யாரும் ஆங்கிலத்தில் பேர் வைக்காததால் இதை நாம் தொழில்நுட்பம் என்று மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிறிஸ்டியானியா என்று ஒரு குடியிருப்பு. உள்ளே கார் விடமாட்டார்கள். அங்கே 1984-இல் லார்ஸ் எங்ஸ்ட்ரோம் என்பவர் தன் துணைவி ஆனிக்கு, முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள் ஒன்று செய்து கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லாம் கேட்க, அதுவே தொழிலாயிற்று. இன்று அந்த ஊரில் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும், காய்கறி வாங்கி வருவதும், நாயை உலாவ அழைத்துப்போவதும் அந்த மாதிரிப் பெட்டிச் சைக்கிளில்தான். அதன் அமைப்பைப் பாருங்கள்: முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நம் மீன்பாடிக்குச் சித்தப்பா பிள்ளை. அங்கே அதை வசதியான குடும்பத்தார் காருக்குப் பதிலாக வாங்குகிறார்கள். இங்கே அதைப் பார்த்தால் போலீஸ் விசில் அடிக்கிறது.

அந்த விசிலிலும் கொஞ்சம் நியாயம் உண்டு, மறைக்கக்கூடாது. நம்மாட்கள் மீன்பாடியில் பழைய மொபெட், ஸ்கூட்டர் எஞ்சினைக் கட்டிவிட்டார்கள். மிதிக்கிற வேகத்துக்குச் செய்த சட்டமும் சக்கரமும் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கின. பிரேக் பேருக்குத்தான். பதிவில்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. திருப்பத்தில் கவிழ்ந்தால் நசுங்குவது எதிரே வந்தவன். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது அந்த வண்டிக்காக இல்லை.

இனி ஐரோப்பாக் கணக்குக்கு வருகிறேன். கணக்கு என்றால் உங்களுக்குக் காது நீளும் என்று தெரியும்.

2021-இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள், பெடல் மீ என்ற சைக்கிள் டெலிவரி நிறுவனத்தின் ஓட்டப் பதிவுகளை எடுத்து, அதே வேலையை வேன் செய்தால் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டார்கள். நகர நடுவில் வேன் மணிக்கு 6 பார்சல் கொடுத்த இடத்தில் சைக்கிள் 10 கொடுத்தது. புகையும் டீசல் வேனைவிட 90 சதவீதம் குறைவு. எப்படி முடிந்தது? ஓடும்போது வேன்தான் வேகம். நிற்கத்தான் அதற்கு இடம் கிடையாது. இடம் தேடிச் சுற்றி, எங்கேயோ நிறுத்தி, டிரைவர் இறங்கி நடந்து போய்ப் பெல் அடிக்கவேண்டும். சைக்கிள் வாசலிலேயே நிற்கும். சௌகார்பேட்டையில் குட்டி யானை வேனை நிறுத்த இடம் தேடிய யாருக்கும் இதற்கு ஆய்வே தேவையில்லை.

சைக்கிள்லாஜிஸ்டிக்ஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டம், அங்குள்ள நகரங்களில் சாமான் ஏற்றிக்கொண்டு ஓடும் மோட்டார் வண்டிப் பயணங்களில் 51 சதவீதத்தைச் சைக்கிளுக்கு மாற்றிவிடலாம் என்று கணக்குச் சொன்னது. இதில் வீட்டுக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்வருவதும் சேர்த்தி. ஜெர்மனியில் 2021 முதல், வியாபாரத்துக்கு மின்சாரக் கார்கோ சைக்கிள் வாங்கினால் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 2,500 யூரோ, அரசாங்கமே கொடுக்கத் தொடங்கியது. ஒரு நிபந்தனை போட்டார்கள்: வண்டி குறைந்தது 120 கிலோ சுமக்கவேண்டும். யு.பி.எஸ். என்ற பெரிய பார்சல் கம்பெனி 1907-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்தும் சைக்கிளிலும் செய்தி கொண்டுபோகும் பையன்களோடுதான் ஆரம்பித்தது. அப்புறம் லாரி, விமானம் என்று வளர்ந்தது. அதே கம்பெனி 2012-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தெருவோரம் கன்டெய்னரை இறக்கி வைத்து, அங்கிருந்து பார்சலைச் சைக்கிளிலும் கால்நடையாகவும் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் கன்டெய்னர் வேறென்ன? உங்கள் கடைதான். அவர்கள் ஒவ்வொரு நாளும் காலையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். உங்களுடையது நகராமலே நிற்கிறது.

“வெள்ளைக்காரன் ஊர் குளிர்ந்த ஊர், இங்கே மே மாசத்துல மிதிக்கச் சொல்றீங்களா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் மோட்டார்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஓட்டுகிற ஆள் 60 கிலோ, வண்டி 60 கிலோ, சாமான் 150 கிலோ. மொத்தம் 270. சமதரையில், காற்று சரியாக அடித்த டயரில், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போக எண்பது, தொண்ணூறு வாட் சக்தி வேண்டும். ஆரோக்கியமான மனிதன் தொடர்ந்து மிதித்துக் கொடுக்கக்கூடியதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே சமதரையில் மிதிக்கலாம்; வேர்க்கும், ஆனால் முடியும். சிக்கல் மேட்டில். நூறு அடிக்கு நாலடி ஏறுகிற ஒரு பாலத்தில், நடக்கிற வேகத்தில் ஏற்றினாலும் இருநூறு வாட்டுக்கு மேல் கேட்கும். மனிதனால் முடியாது, அதனால்தான் மேம்பாலத்தில் மூன்று சக்கர வண்டிக்காரர் இறங்கித் தள்ளுகிறார். இந்தியச் சட்டம் 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடை, சரியான பிரேக், முன்னும் பின்னும் ரிஃப்ளெக்டர் என்று இருந்தால், மிதிக்கும்போது துணைசெய்யும் மோட்டார் பூட்டிய சைக்கிளை மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. பதிவு, லைசென்ஸ் எதுவும் வேண்டாம். மேட்டில் குறையும் சக்தியை இந்த மோட்டார் கொடுத்துவிடும்.

செலவு? நாள் முழுக்கத் தெருச் சுற்றும் வண்டிக்கு அரை யூனிட் கரண்ட் தாராளம். உங்கள் கடை வாசலில் இருக்கும் ஐஸ்கிரீம் பெட்டி தின்பதில் அது ஒரு சிறு பங்கு.

இரண்டு சக்கரமா, மூன்று சக்கரமா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. நாலடிச் சந்துகள் உள்ள பக்கம் என்றால் நீண்ட பின்கேரியர் வைத்த இரண்டு சக்கர வண்டி நல்லது. ஒரு வீட்டுச் சாமான், கொஞ்சம் நெருக்கினால் இரண்டு வீட்டுச் சாமான் போகும். இரண்டு சக்கரத்திலேயே இன்னொரு வகை உண்டு. லாங் ஜான் என்பார்கள், டென்மார்க்கின் பழைய சரக்கு. ஹேண்டில்பாருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே தாழ்வாகப் பலகை இருக்கும். பாரம் தரையை ஒட்டி இருப்பதால் ஆடாது. ஓட்டிப் பழக ஒரு நாள் ஆகும், அப்புறம் விடமாட்டான். அகலமான தெரு, தண்ணீர் கேன், அரிசி என்று கனமான வியாபாரம் என்றால் மூன்று சக்கரம்தான். ஆனால் மூன்று சக்கரத்தில் மோட்டார் பூட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எடை கூடினாலோ மோட்டார் பெரிதானாலோ அது ஈ-கார்ட் என்ற கணக்கில் போய்விடும். அதற்குப் பதிவும் லைசென்ஸும் உண்டு. 310 கிலோ வரை ஏற்றலாம்.

ஐரோப்பாவில் மின்சாரக் கார்கோ பைக் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் யூரோ விலை சொல்கிறார்கள். நம் பணத்தில் நாலைந்து லட்சம். அதை வாங்கச் சொல்ல எனக்குப் பைத்தியமில்லை. 1949-இல் தொடங்கிய சைக்கிள் கம்பெனியின் ஆலை அம்பத்தூரில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. நம்மூரிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் வெல்டிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நெதர்லாந்தில் பாபூ என்று ஒரு பிரபலமான கார்கோ பைக் கம்பெனி. மற்றவர்களைவிட விலை மலிவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டம் முறிவதாகப் புகார்கள் வந்து, 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு விற்பனையையே நிறுத்தச் சொன்னது. பிள்ளைகளை முன்பெட்டியில் உட்காரவைத்து ஓட்டுகிற வண்டி அது. நம் வண்டியில் அரிசிதான் போகிறது என்றாலும், பின்னால் உட்கார்ந்திருப்பவன் யாரோ பெற்ற பிள்ளை.

இந்த மடலில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

1973-இல் மு. கருணாநிதியின் அரசு கை ரிக்ஷாவை ஒழித்தது. இழுத்துக்கொண்டு ஓடியவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள். மனிதனை மனிதன் இழுப்பது அவமானம் என்று ஓர் அரசு முடிவெடுத்தது பெரிய விஷயம். அதே 1973-இல்தான் ஜெமினி மேம்பாலமும் திறந்தது. ஓடியவரைச் சீட்டில் உட்காரவைத்த வருஷமும், அந்தச் சீட்டிலிருந்து அவரை இறக்கித் தள்ளவைக்கும் பாலத்தைத் திறந்த வருஷமும் ஒன்றாக அமைந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த ஊரில் மிதிக்கிறவன் என்றால் ஏழை, அவனுக்காகச் சாலை போடவேண்டியதில்லை என்ற எண்ணம் ஊறிப்போயிற்று.

அதனால் கார்கோ சைக்கிளை நான் புகழ்ந்ததைக் கேட்டுவிட்டு, “ஆஹா, பெட்ரோல் மிச்சம்” என்று தம்பியிடம் மோட்டார் இல்லாத வண்டியைக் கொடுத்து 250 கிலோ ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் வாங்கியது கை ரிக்ஷாதான். மோட்டார் கட்டாயம். இரண்டு பிரேக் கட்டாயம். பாரத்துக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று கடைச்சுவரில் எழுதி ஒட்டுங்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசாமல் மாதச் சம்பளம் கொடுங்கள். நடைக்குக் கூலி என்றால் அவன் சிக்னலில் நிற்கமாட்டான். மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை வண்டி கடை நிழலில் நிற்கட்டும். மாதச் சாமானுக்கு யாரும் நண்பகலில் காத்திருப்பதில்லை. 2021-இல் தமிழ்நாடு அரசு கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கொடுத்துச் சட்டம் செய்தபோது, உங்களில் பலர் கடைக்குள் ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். அதே மனசோடு இந்த வண்டியின் சீட்டையும் பாருங்கள். உயரம் சரியாக இல்லாத சீட்டு முழங்காலைக் கொல்லும். அது ஒரு ஸ்பேனர் வேலை, இரண்டு நிமிஷம்.

ஓட்டுகிறவர் பையனாகத்தான் இருக்கவேண்டுமா என்றும் கேட்கிறேன். 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள்கூட சைக்கிளில் சந்தைக்குப் போனார்கள், தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஊர் சிரித்தது, அப்புறம் பழகிவிட்டது. மூன்று சக்கர வண்டிக்கு பேலன்ஸ் தேவையில்லை, குறுக்கே பார் இல்லாமல் செய்தால் புடவையோடு ஓட்டலாம், மோட்டார் இழுக்கும். எங்கள் தெருவில் வேலை தேடும் நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் எத்தனையோ பேர். ஒவ்வொரு வீட்டுச் சமையலறையும் எங்கே இருக்கிறது என்று கடைத் தம்பியைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் சைக்கிளில் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. கோயம்பேட்டிலிருந்து உங்கள் கடைக்கு வரும் மூட்டைகளைக் குட்டி யானைதான் கொண்டுவர வேண்டும். 2005-இல் அது வந்தபிறகுதான் பலர் முதுகு நிமிர்ந்தது. என் பேச்சு கடையிலிருந்து வீட்டுக்கு உள்ள ஒரு கிலோமீட்டர் பற்றி மட்டும். அந்த ஒரு கிலோமீட்டரில் பத்து நிமிஷக் கம்பெனியோடு வேகத்தில் போட்டி போடாதீர்கள். கொத்தமல்லியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். காலையில் லிஸ்ட்டை வாங்குங்கள், தெருவாரியாகப் பிரியுங்கள், சாயங்காலம் ஒரு தெருவுக்கு ஒரே நடை. நாலு வீட்டுச் சாமான், வரும்போது காலித் தண்ணீர் கேன்கள், பழைய அட்டைப்பெட்டிகள். திங்கள் இந்தத் தெரு, செவ்வாய் அந்தத் தெரு என்று முறை வைத்தாலும் நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம். பால்காரர் அப்படித்தானே வருகிறார்?

கோபன்ஹேகனில் பாரச் சைக்கிள் ஓட்டும் பையன்களுக்கு ஸ்வாயர் என்று பேர். 1942 முதல் அவர்களுக்கென்று ஒரு பந்தயம் நடந்தது. பாரத்தை ஏற்றிக்கொண்டு சுற்றிவர வேண்டும். வேன்கள் பெருகி, 1960-ஓடு பந்தயம் நின்றது. 2009-இல் மறுபடி ஆரம்பித்தார்கள், இப்போது கூட்டம் கூடுகிறது. தெருவிலிருந்து காணாமல்போன வண்டி, ஐம்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. ஆனால் அங்கே அதற்குத் தனிப்பாதை இருக்கிறது. இங்கே?

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்குச் செலவிடும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் கடை வாசலில் போய் நின்று பாருங்கள், அந்த அறுபது சதவீதம் கண்ணில் படுகிறதா என்று. கேட்க ஆள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகவும் நடக்கும். கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் சைக்கிள் போகக்கூடாது என்றே உத்தரவு போட்டார்கள். பால்காரர், பேப்பர்காரர், தள்ளுவண்டிக்காரர் எல்லாரும் தெருவில் நின்றார்கள். கேட்பதற்கு எனக்கோ கடைத் தம்பிக்கோ குரல் இல்லை. உங்களுக்குச் சங்கம் இருக்கிறது. மே 5 வணிகர் தினத்தன்று ஒருநாள் நீங்கள் கடையை மூடினால் ஊரே காபித்தூளுக்கு அலைகிறது. அன்று நடக்கும் உங்கள் மாநாட்டு மேடையில் ஜி.எஸ்.டி. பற்றியும் ஆன்லைன் வியாபாரம் பற்றியும் வருஷா வருஷம் பேசுகிறீர்கள். வரும் மே 5-ஆம் தேதி இன்னும் இரண்டு தீர்மானம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைத்தெருக்களில் சைக்கிள் நிறுத்திச் சாமான் ஏற்ற மஞ்சள் கோடு போட்ட இடம் வேண்டும். ஜெர்மனியில் கொடுத்ததுபோல், வியாபாரத்துக்கு வாங்கும் மின்சாரப் பாரச் சைக்கிளுக்கு மானியம் வேண்டும்.

அதற்கெல்லாம் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு பகுதியில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டி செய்து ஓட்டிப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம். அப்பாவின் ஸ்பேனர் செட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேரிங் பார்த்து, கிரீஸ் வைத்துத் தர நான் தயார், கூலி வேண்டாம்.

எங்கள் வீட்டு லிஸ்ட் ஒன்றாம் தேதி காலையில் வந்துவிடும் அண்ணாச்சி. அரிசி வழக்கம்போல் 25 கிலோ. எதிர்வீட்டு லிஸ்ட்டையும் மாடி வீட்டு லிஸ்ட்டையும் நானே வாங்கிக்கொண்டு வருகிறேன். மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய கணக்கு வாடிக்கையாளன்